கடைமடைக்கு எப்போது வரும் கல்வி உதவித்தொகை?

காவிரி டெல்டாவின் விவசாயக் கூலிக் குடும்பங்களுக்கு ஆண்டில் இரண்டு காலங்களில்தான் கையில் காசு புழங்கும். ஒன்று, சம்பா நடவு நடக்கும் புரட்டாசி, ஐப்பசி. மற்றொன்று, அறுவடை நடக்கும் தை, மாசி. அறுவடை இயந்திரங்கள் வந்தபின் இரண்டாவதும் சுருங்கிவிட்டது. கல்லூரிகள் கட்டணம் கேட்பதோ ஜூன், ஜூலையில். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறக்கப்பட்டாலும், நாகப்பட்டினத்தின் கடைமடைக்குத் தண்ணீர் கடைசியாகத்தான் வந்து சேரும். வேளாங்கண்ணியைச் சுற்றியுள்ள கீழையூர், கீழ்வேளூர் பகுதிகளின் பட்டியலின மாணவர்களை உயர் கல்வியில் முதலில் இடறச் செய்வது இந்தக் கால முரண்பாடுதான். தொகை போதாமை அதற்கு அடுத்த சிக்கல்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியலினத்தவர் 20 சதவீதம். மயிலாடுதுறை பிரியாத அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் அது 31 சதவீதத்துக்கும் மேல். திருவாரூரில் 34 சதவீதம். 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழவெண்மணி இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. கூலி உயர்வு கேட்ட அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று பட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறார்கள்.

அவர்களுக்கான முதன்மையான ஆதாரம், பட்டியலின மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகைத் திட்டம். 1944-இல் தொடங்கிய இத்திட்டத்தை 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை மாற்றியமைத்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மொத்தம் ரூ.59,048 கோடி, அதில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40 சதவீதம். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் மத்திய அரசு ஆண்டுக்குச் சுமார் ரூ.1,100 கோடியே வழங்கிவந்தது என்பதால், இது பெரிய முன்னேற்றம். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

எனினும், புதிய முறையில் மாநிலம் தன் பங்கை விடுவித்த பின்னரே மத்தியப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வருகிறது. வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆதார் இணைப்பு, கல்லூரியின் சரிபார்ப்பு, மாநிலப் பங்கு, மத்தியப் பங்கு என்று ஒவ்வொரு மதகும் திறந்தால்தான் அடுத்த மதகுக்குத் தண்ணீர். ஓரிடத்தில் அடைத்தாலும் தொகை கல்வியாண்டின் இறுதிக்குத் தள்ளிப்போகும். பிப்ரவரியில் வரும் ரூ.5,000, ஜூலையில் தேவைப்பட்ட ரூ.5,000-க்கு ஈடாகாது. இடைவெளியைக் கந்துவட்டிக் கடன் நிரப்பும். அல்லது மாணவர் வேலைக்குப் போவார். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரையிலான வேளாங்கண்ணித் திருவிழாவில் தங்கும் விடுதிகளுக்கும் கடைகளுக்கும் ஆள் தேவை. அங்கே ஈட்டும் கூலிக்கு வருகைப்பதிவில் விலை கொடுக்க நேர்கிறது. மாநில அரசின் புதுமைப் பெண் (2022), தமிழ்ப் புதல்வன் (2024) திட்டங்கள் தரும் ரூ.1,000 சிறிய தொகைதான். ஆயினும் மாதந்தோறும் வருவதே அவற்றின் பலம்.

வேளாங்கண்ணியில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறித்தவத்துக்கு மாறிய பட்டியலினத்தவர் அத்தகுதியை இழக்கின்றனர். சீக்கியர்களுக்கு 1956-லும் பௌத்தர்களுக்கு 1990-லும் அந்தத் தடை நீக்கப்பட்டது. மதம் மாறிய ஆதிதிராவிடர்களையும் கல்வி உதவித்தொகையில் சேர்த்துக்கொள்வது தமிழ்நாடு அரசின் நல்ல முடிவு. ஆனால், மத்திய அரசுப் பணிக்கான இடஒதுக்கீட்டில் அது உதவாது. ஒரே தெருவில், ஒரே கூலி பெறும் இரு குடும்பங்களின் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் வெவ்வேறு வரிசைகளில் நிற்கிறார்கள். இதை ஆராய 2022-இல் கே.ஜி.பாலகிருஷ்ணன் ஆணையம் அமைக்கப்பட்டது.

நம் திட்டம் தொடங்கிய அதே 1944-இல் அமெரிக்காவில் வேறொரு ஏற்பாடு பிறந்தது. கறுப்பின மக்களுக்காக, பெரும்பாலும் அடிமை முறை ஒழிந்தபின் உருவான கல்லூரிகள் ஏறத்தாழ 100 இன்றும் இயங்குகின்றன. அவற்றில் தனியார் கல்லூரிகள் அன்று தனித்தனியே நன்கொடைக்கு அலைந்தன. டஸ்கீகி கல்வி நிறுவனத்தின் தலைவர் ஃபிரெடெரிக் பேட்டர்சனின் முயற்சியால் அவை கூடி, ‘ஐக்கிய நீக்ரோ கல்லூரி நிதியம்’ என்ற பொது நிதியத்தைத் தொடங்கின. இன்று அது உதவித்தொகையோடு நிறுவனங்களில் பணியிடப் பயிற்சிக்கும் ஏற்பாடு செய்கிறது. அங்கே மாணவரின் கட்டணமும் வேலையும் கல்லூரியின் கவலைகள். நாம் தனிக் கல்லூரிகளை அமைக்காமல் எல்லாக் கல்லூரிகளிலும் இடம் ஒதுக்கினோம். அதுவே மேலான வழி என்பது என் கருத்து. ஆனால், அந்தக் கவலைக்கு இங்கே உரிமையாளர் இல்லாமல் போனார். உதவித்தொகை அரசின் வேலை, பணி தேடுவது மாணவரின் வேலை என்று கல்லூரிகள் ஒதுங்கிக்கொள்கின்றன.

வேலைவாய்ப்பில் இதன் விளைவு கடுமையானது. 2020-இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமானது. அதை வரவேற்றவன் நான். ஆனால், தொழிற்சாலை வேலை இனியும் வெளியூரில்தான் என்பதையும் ஏற்கத்தான் வேண்டும். ‘நான் முதல்வன்’ திட்டம் பாடத்திட்டத்துக்குள் திறன் பயிற்சியைக் கொண்டுவந்திருக்கிறது. அடுத்த படி பணியிடப் பயிற்சி. அது 300 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ கிடைக்கும்போது, இரண்டு மாத அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் யார் பொறுப்பு? போஸ்ட் மெட்ரிக் திட்டத்தின் கல்விப்படி, படிப்பைப் பொறுத்து ஆண்டுக்கு ரூ.2,500 முதல் ரூ.13,500 வரைதான். ஊதியமில்லாப் பயிற்சியை வசதியுள்ளவர் ஏற்பார், மற்றவர் விட்டுவிடுவார். நேர்காணலில் ‘அனுபவம் உண்டா’ என்ற கேள்வி இருவரிடமும் கேட்கப்படும்.

டெல்டாவின் ஒவ்வொரு கல்லூரியும் ஒரு சுழல்நிதி வைத்துக்கொள்ளலாம். 200 மாணவர்களுக்குத் தலா ரூ.5,000 என்றால் ரூ.10 லட்சம். உதவித்தொகை வந்ததும் பணம் நிதிக்குத் திரும்பும்; மறு ஆண்டு அதே பணம் மீண்டும் உதவும். முன்னாள் மாணவர்களாலும் ஊர் வணிகர்களாலும் திரட்ட முடிந்த தொகையே இது. பயிற்சிக் காலச் செலவு திரும்பி வராது. அதற்குத் தனி நன்கொடை வேண்டும். விண்ணப்பங்களைத் தொடர்ந்து கவனிக்கவும் நிறுவனங்களோடு பேசவும் ஒரு பேராசிரியரின் பாடவேளையைக் குறைத்துப் பொறுப்பளித்தால் போதும். கல்லூரி ஆட்சிக்குழுக்கள் மாணவர் சேர்க்கைக்கு முன், மே மாதத்திலேயே இதைத் தீர்மானிக்க வேண்டும்.