கூடாரத்துக்குள் கரியடுப்பு வேண்டாம்

நவம்பர் நடுவில் குவைத்தில் கூடாரப் பருவம் தொடங்கும். மார்ச் நடுவரை நீளும். வளைகுடாவின் மற்ற நாடுகளிலும் குளிர் வந்துவிட்டால் இதே கொண்டாட்டம்தான். நம் ஆட்களும் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து, வியாழன் மாலையே வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு மணல்வெளிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பொங்கலை ஒட்டிய வார இறுதி என்றால் கூட்டம் இன்னும் பெரிது. போகட்டும், நாலு சுவருக்குள் அடைந்து கிடப்பதைவிட இது நல்லதுதான். ஆனால் மறுநாள் அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பிரியாணி மேல் பழி

"நேத்து பிரியாணி ஒத்துக்கல டாக்டர்." தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, கால் துவளுகிறது. ஒரே கூடாரத்தில் படுத்த எல்லோருக்கும் ஒரே தொல்லை. பிரியாணியைத் தொடாத, பால் மட்டும் குடித்த கைக்குழந்தையும் துவண்டு கிடக்கும். அதையாவது யோசிக்க வேண்டாமா? விசாரித்தால், இறைச்சி சுட்ட கரியடுப்பைக் குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று உள்ளே இழுத்து வைத்திருப்பார்கள். ஜனவரி இரவில் பாலைவனம் 10 டிகிரிக்குக் கீழே போகும்; பொறுக்க முடியாத குளிர்தான். ஆனால் அந்தக் கங்கிலிருந்து வருவது கார்பன் மோனாக்சைடு.

இதில் என்னைப் பொறுமையிழக்க வைப்பது பனடால். நடு ராத்திரியில் தலை வலித்து எழுந்தவர், இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டு அதே கூடாரத்தில் மறுபடி படுக்கிறார். வெளியே வரச்சொல்லி உடம்பு தந்த எச்சரிக்கையை மாத்திரை போட்டு அமுக்கிவிட்டார். சிலர் அப்படியே எழுந்திருக்காமல் போகிறார்கள்.

காதில் விழுந்தவை

"புகையே இல்லையே, நல்லா கனிஞ்ச கரிதானே?" புகை அடங்கி, சிவந்து கனிந்த கங்கும் இந்த வாயுவை விட்டுக்கொண்டேதான் இருக்கும். இதற்கு நிறமில்லை, வாசனையும் இல்லை. "நாத்தம் வந்தா எழுந்துக்கலாம்" என்பதும் இதனாலேயே பலிக்காது. இந்த வாயு முதலில் மந்தப்படுத்தும். எழ வேண்டும் என்று தோன்றும்போது கால் சொன்னபடி கேட்காது.

"ஜிப்பைக் கொஞ்சம் திறந்துதான் வச்சிருந்தோம்." போதாது. குளிர்காற்று அடித்தால் யாராவது ஒருவர் தூக்கத்தில் அதையும் இழுத்து மூடிவிடுகிறார்.

பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் வாயுவை அது இழுத்துக்கொள்ளும் என்று ஒரு வாட்ஸ்அப் வைத்தியம். கார்பன் மோனாக்சைடு தண்ணீரில் அனேகமாகக் கரைவதே இல்லை.

கொரோனாவுக்குப் பிறகு எல்லோர் பையிலும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருக்கிறது. "99 காட்டுதே டாக்டர்!" காட்டும். ஹீமோகுளோபினை இந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. சாதாரணக் கருவிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மூச்சுக்குத் திணறுகிற உடம்பைப் பார்த்து, எல்லாம் சரி என்று சொல்லும்.

மோர், எலுமிச்சைச் சாறு, விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது, இவை எதுவும் இரத்தத்தில் ஏறிய விஷத்தை இறக்காது. பாதி மயக்கத்தில் இருப்பவர் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். ஒரு ஆபத்து இரண்டாகும்.

பரிசோதனையும் சிகிச்சையும்

இரத்தத்தில் கார்பாக்சிஹீமோகுளோபின், அதாவது இந்த வாயு பற்றிக்கொண்ட ஹீமோகுளோபின், எவ்வளவு என்று பார்ப்போம். முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுப்போம். சாதாரணக் காற்றில் பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் எடுக்கும் விஷம், ஆக்சிஜனில் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் குறையும். கர்ப்பிணிகள் தங்களுக்கு ஒன்றும் இல்லை என்று தோன்றினாலும் கட்டாயம் வர வேண்டும். சிசுவின் இரத்தத்திலிருந்து இது இறங்க இன்னும் தாமதமாகும். தேறிய சிலருக்கு வாரக்கணக்கில் கழித்து ஞாபக மறதி, குணமாற்றம் வருவதும் உண்டு.

மூடி வைத்த கங்கு

கரியடுப்பில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கிளம்பும்போது அடுப்பைக் கவிழ்த்து, மேலே மண்ணைத் தள்ளிவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று நினைக்கிறோம். மணல் சூட்டை உள்ளேயே காக்கும். மணிக்கணக்கில் கங்கு ஆறாது. மேலே பார்த்தால் வெறும் மணல். அங்கே கூடாரம் போட வரும் இன்னொரு குடும்பத்துக் குழந்தை வெறுங்காலோடு ஓடிவந்து மிதிக்கும். அந்தப் பிஞ்சுப் பாதத்தில் பற்பசை அப்பிக்கொண்டு வருவார்கள். அதைக் கழுவி எடுப்பதற்குள் குழந்தை படும் பாட்டைப் பார்க்க முடியாது. 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுங்கள், சுத்தமான துணியால் தளர மூடி அழைத்து வாருங்கள். பற்பசை, காப்பித்தூள், மை எதுவும் வேண்டாம்.

கெஞ்சிக் கேட்கிறேன்

கரியை வெளியே வையுங்கள். கை கூப்பிக் கேட்கிறேன், கூடாரத்துக்குள் வேண்டாம். ஷிஷா கரியும் வேண்டாம், ஜெனரேட்டரை வாசலில் ஓடவிடவும் வேண்டாம். குளிருக்குக் கம்பளி இருக்கிறது, இன்னொரு கம்பளியும் இருக்கிறது. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கடையில் கிடைக்கிறது. ஒரு வேளை இறைச்சிக்குச் செலவழிப்பதை அதற்குச் செலவழியுங்கள். அணைக்கும்போது கங்கின் மேல் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, கை வைத்தால் சுடாது என்ற நிலை வரும்வரை விடாதீர்கள். அதற்கென்றே ஒரு கேன் தண்ணீரைத் தனியாக எடுத்துப்போங்கள்.

இருவருக்குச் சேர்ந்தாற்போல் தலை வலித்தால், உடனே எல்லோரையும் வெளியே இழுத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்: குவைத்தில் 112, அமீரகத்தில் 998, சவூதியில் 997, கத்தாரில் 999, ஓமானில் 9999. இருட்டுவதற்கு முன்பே இருப்பிடத்தைப் போனில் எடுத்து, ஊரில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். "பெரிய மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம்" என்று சொன்னால் எந்த ஓட்டுநராலும் வந்து சேர முடியாது.