உங்களுக்குத் தெரியுமா? அடி அவருக்கு, வலி இவருக்கு!

● கோடை வந்தால் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, கூத்து நடத்தி, கடைசியில் தீமிதி. அடுத்த முறை போனால், குழியில் இறங்குகிறவரை விட்டுவிட்டு, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கும் அவர் வீட்டாரைக் கவனியுங்கள். காப்புக் கட்டிய மகன் தணலில் கால் வைக்கும்போது, வெறும் மண்ணில் நிற்கும் அம்மாவின் கால்விரல்கள் மடங்கும்.

● ஸ்பெயினில் சான் பெட்ரோ மான்ரிக்கே என்ற கிராமத்திலும் தீமிதி உண்டு. ஆய்வாளர்கள் அங்கே மிதிப்பவர், பார்ப்பவர் இரு தரப்புக்கும் கருவி கட்டி, இதயத் துடிப்பைப் பதிவு செய்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். மிதிப்பவரின் துடிப்போடு அவருடைய உறவினர், நண்பர்களின் துடிப்பும் ஒத்துப்போனது. வேடிக்கை பார்க்க வந்த வெளியாட்களுக்கு அப்படி எதுவும் இல்லை. செஞ்சிப் பக்கம் மேலச்சேரித் திரௌபதி அம்மன் கோயிலிலும் ஒருமுறை இதைச் செய்து பார்க்கலாமே!

● சிலருக்கு விஷயம் துடிப்போடு நிற்பதில்லை. எதிரில் இருப்பவரின் கன்னத்தை யாராவது தொட்டால், இவர் கன்னத்தில் உறைக்கும். பிரிட்டனில் 2009-இல் வந்த கணக்குப்படி நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர் இப்படி. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜோயல் சலீனாஸ் அவர்களில் ஒருவர். நோயாளிக்கு ஊசி குத்தினால் தன் கையிலும் உணர்கிறவர் மருத்துவத் தொழிலைத் தேர்ந்தெடுத்தது தனித் துணிச்சல்தான்.

● எழுத்தைப் பார்த்தால் நிறம், ஓசை கேட்டால் ருசி என்று புலன்கள் கலப்பதும் இதே குடும்பம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், 2001-இல் சக ஆய்வாளர் ஹப்பர்டுடன் சேர்ந்து இதை விரிவாக எழுதினார். இந்தக் கலப்பு எல்லோரிடமும் கொஞ்சம் உண்டு என்று காட்ட ஒரு சோதனை: கூர்கூரான ஒரு படம், உருண்டு திரண்ட ஒரு படம். எது 'கிகி', எது 'பூபா'? அமெரிக்க மாணவர்களானாலும் தமிழர்களானாலும், கூரானதுதான் 'கிகி' என்றார்கள் பெரும்பாலோர்.

● மறுபடி தொடுகைக்கு வருவோம். கை இழந்தவருக்கு எதிரே இன்னொருவரின் கையைத் தடவினால், இல்லாத கையில் அந்தத் தடவல் தெரிந்ததாக ராமச்சந்திரன் 2009-இல் எழுதினார். கை மரத்துப்போக ஊசி போட்டவர்களிடமும் பிறகு இதேபோல் காண முடிந்தது. அவர் சொல்லும் காரணம்: பிறரைத் தொடுவதைப் பார்க்கும்போது நம் மூளையிலும் தொடு நரம்புகள் கிளர்கின்றன, 'என்னை யாரும் தொடவில்லை' என்று நம் தோல் அனுப்பும் தகவல்தான் அதை அடக்கி வைக்கிறது.