ஒப்பந்தமும் நியமன ஆணையும்

பிள்ளையைக் கூடைப்பந்து கோட்டாவில் சேர்க்கப் பொத்தேரி எஸ்.ஆர்.எம். கல்லூரிக்கு வரும் பெற்றோர் சுற்றிச் சுற்றிக் கடைசியில் வந்து நிற்பது ஒரே கேள்வியில்தான்: "பந்து விளையாடியே பிழைச்சுக்க முடியுமா சார்?" முடியும். ஆனால் அந்தப் பிழைப்பு நாட்டுக்கு நாடு வேறு மாதிரி. இன்னொரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் தூரத்து ஊர். எஸ்தோனியா பால்டிக் கடலோரத்தில் இருக்கிறது. மக்கள்தொகை 14 லட்சத்தைத் தொடாது. பொத்தேரி இருக்கும் இன்றைய செங்கல்பட்டு மாவட்டப் பகுதியில் 2011 கணக்கெடுப்பிலேயே 25 லட்சம் பேர். அத்தனை சிறிய நாட்டிலிருந்துதான் டீட் சோக் வந்தார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற சோவியத் அணியில் அவர் ஆடினார். ஆனால் ஆட்டம் பெரிது, சந்தை சிறிது. 2018 முதல் எஸ்தோனியாவும் பக்கத்து லாத்வியாவும் சேர்ந்தே ஒரு லீக் நடத்துகின்றன. அதனால் அந்த ஊர் ஆட்டக்காரர் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆடித்தான் ஆக வேண்டும்.

மார்ட்டின் மூர்செப்பின் கதையைக் கேளுங்கள். தாலினில் பிறந்தவர். 1996-ல் அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்குக்கு ஆள் எடுக்கும் தேர்வில் யூட்டா அணி அவரை 25-வது ஆளாக எடுத்தது. எடுத்த கையோடு மயாமிக்கு மாற்றிவிட்டது. 1997 பிப்ரவரியில் மயாமி அவரை டல்லாஸுக்கு அனுப்பியது. 1998-ல் டல்லாஸ் அவரையும் இன்னும் சிலவற்றையும் பீனிக்ஸுக்குக் கொடுத்து ஸ்டீவ் நாஷை வாங்கிக்கொண்டது. அந்த நாஷ் பின்னாளில் 2005, 2006 இரண்டு ஆண்டும் என்.பி.ஏ.வின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். மூர்செப்போ 1999 தொடக்கத்தில் சிகாகோவுக்கு மாற்றப்பட்டார். பீனிக்ஸுக்கும் சரி, சிகாகோவுக்கும் சரி, அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அதன்பின் கிரீஸ், ரஷ்யா என்று பல ஆண்டுகள் ஆடினார். அவர் தோற்றுப்போனவர் இல்லை. உலகத்தில் கூடைப்பந்தால் சோறு சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் வாழ்க்கை இப்படித்தான் போகிறது.

அந்த வாழ்க்கை ஒப்பந்தத்தில் ஓடுகிறது. பெரும்பாலும் ஒரு சீசனுக்குத்தான் கையெழுத்து. பல கிளப்புகள் வீடும் காரும் கொடுக்கும். நாடு மாறி ஆட வேண்டுமானால் பழைய நாட்டுச் சம்மேளனம் தடையில்லைக் கடிதம் தர வேண்டும். சம்பளம் தராமல் இழுத்தடிக்கும் கிளப்பும் உண்டு. அந்த மாதிரி வழக்குகளைத் தீர்க்கவே உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம் 2007-ல் ஜெனீவாவை மையமாக வைத்து ஒரு நடுவர் மன்றத்தை ஏற்படுத்தியது. முழங்கால் போனால் அடுத்த ஒப்பந்தம் நிச்சயமில்லை. ஆனால் ஒன்று: சீசன் முழுக்க வாராவாரம் ஆட்டம் இருக்கும்.

இப்போது நம் பக்கம். இங்கே ஆட்டக்காரர் வாழ்க்கை நியமன ஆணையில் ஓடுகிறது. பள்ளியில் விளையாட்டு விடுதி, பிறகு எஸ்.ஆர்.எம். மாதிரி ஒரு கல்லூரியில் சீட், அதன்பின் ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, வருமான வரித்துறை என்று ஏதாவது ஒரு டிபார்ட்மென்ட் டீம். கல்லூரி தரும் கட்டணச் சலுகையைத்தான் பெற்றோர் பெரிதாகப் பார்க்கிறார்கள். அதைவிடப் பெரியது சான்றிதழ். மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளுக்கு நாட்டுக்காக ஆடியவருக்கு ஒன்றாம் படிவம், மாநிலத்துக்காக ஆடியவருக்கு இரண்டாம் படிவம், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவருக்கு மூன்றாம் படிவம். பொத்தேரியில் பையன் கழிக்கும் மூன்று நான்கு வருடம் இந்தக் காகிதமாகத்தான் மாற வேண்டும்.

ரயில்வே ஆள் எடுக்கும் விதத்தைக் கிட்டத்தில் பாருங்கள். மொத்தம் 100 மதிப்பெண். சாதனைக்கு 50, மைதானத்தில் நடக்கும் டிரையலுக்கு 40, படிப்புக்கு 10. டிரையலில் 25 எடுக்காவிட்டால் சான்றிதழ் எத்தனை இருந்தாலும் வெளியே. வயது 18 முதல் 25 வரை, சலுகை கிடையாது. பட்டம் வாங்கும்போது பையனுக்கு 21, 22 ஆகியிருக்கும். கையில் இருப்பது மூன்று நான்கு வருடம். அந்த நேரத்தில் ஒரு காயம் வந்தால் கணக்கே மாறிவிடும்.

வேலை கிடைத்தபின் இன்னொரு முடிச்சு. தேசியப் போட்டியில் ரயில்வேக்குத் தனி அணி. ஆகவே ரயில்வேயில் சேர்ந்த தமிழ்நாட்டுப் பையன் தமிழ்நாட்டை எதிர்த்தே ஆட நேரும். வங்கிக்கு அப்படித் தனி அணி இல்லை. ஊழியர் மாநிலத்துக்கு ஆடலாம். குஜராத்தில் பிறந்த ரிக்கின் பேத்தானி இந்தியன் ஓவர்சீஸ் வங்கி வேலையில் சென்னைக்கு வந்து, தமிழ்நாட்டுச் சட்டை போட்டு ஆடியது இந்த வழியில்தான்.

இந்த ஏற்பாட்டின் நன்மைக்கு அனிதா பால்துரையைவிட நல்ல சாட்சி வேண்டாம். சென்னைப் பெண், தெற்கு ரயில்வே ஊழியர். 2000 முதல் 2017 வரை இந்தியாவுக்கு ஆடினார், அணிக்குத் தலைமை தாங்கினார், குழந்தை பிறந்த பிறகும் களத்துக்குத் திரும்பினார். 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. மாதச் சம்பளமும் விடுப்பும் உள்ள வேலை இருந்ததால் ஒரு பெண் அத்தனை வருடம் ஆட முடிந்தது. சீசனுக்கு சீசன் கையெழுத்துப் போடும் வாழ்க்கையில் இது எளிதில் நடக்காது.

குறை எங்கே என்றால், ஆட்டத்தின் எண்ணிக்கையில். கோவையில் பி.எஸ்.ஜி. கோப்பை, மே மாதம் பெரியகுளம், கரூர், அப்புறம் தேசியப் போட்டி என்று நம் ஆட்டக்காரரின் வருடம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒவ்வொன்றும் சில நாளில் முடிந்துவிடும். தொடர்ந்த லீக் ஒன்று வேண்டும் என்று முயற்சி நடக்காமல் இல்லை. யூ.பி.ஏ. லீக் 2015-ல் வந்தது, சென்னை ஸ்லாம் என்று நமக்கும் ஓர் அணி இருந்தது. 2017-க்குப் பின் நின்றுவிட்டது. 2022-ல் ஐ.என்.பி.எல். லீக் வந்தது, முதல் கோப்பையைச் சென்னை ஹீட் வென்றது. ஆனாலும் வருடத்தில் ஏழெட்டு மாதம் வாராவாரம் ஆட ஒரு மேடை இன்னும் அமையவில்லை. அதைத் தேடித்தான் பஞ்சாபின் அம்ரித்பால் சிங் ஜப்பானுக்கும், 2017-ல் சிட்னி கிங்ஸுக்கும் போனார்.

வேலை வேண்டாம், லீக் மட்டும் போதும் என்று நான் சொல்லவே மாட்டேன். விடுதிச் சாப்பாட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த நியமன ஆணை ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்துகிறது. நான் கேட்பது, அந்த வேலையோடு ஒரு சீசனையும் சேர்த்துக் கொடுங்கள் என்பதுதான். சென்னையிலும் கோவையிலும் டிபார்ட்மென்ட் அணிகள் இருக்கின்றன, கல்லூரி அணிகள் இருக்கின்றன, மைதானங்கள் இருக்கின்றன. எஸ்தோனியாவும் லாத்வியாவும் எல்லை தாண்டிச் சேர்ந்து நடத்துவதை நாம் ஒரே மாநிலத்துக்குள் நடத்தலாம். தேதியை முன்கூட்டியே அறிவித்து, அந்த நாட்களுக்கு அலுவலகங்கள் ஆளை விட்டால் போதும்.

அதுவரை, கோட்டாவில் சேர்க்க வரும் பெற்றோர் கோச்சிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த அணி அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போகிறதா? என் பிள்ளை பட்டத்தை முடிக்க நேரம் கிடைக்குமா? வருடத்தில் எத்தனை ஆட்டத்தில் உண்மையிலேயே களத்தில் இறங்குவான்? மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் தைரியமாகச் சேருங்கள்.