உயரம் சரி, வயசும் சரி, மார்க்?

2025 மே மாதம் பாகிஸ்தான் எல்லையில் நான்கு நாள் சண்டை நடந்தபோது ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடந்தன. ஏப்ரல் 15-ல் தொடங்கிய 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நேரத்தில்தான் சண்டிகரில் குடிமைப் பாதுகாப்புத் தொண்டுக்கு இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் வந்து நின்றார்கள். நம் கரைப் பையன்கள் எந்த வரிசையில் போய் நிற்பது?

கடலோரக் காவல்படையில் நாவிக் பொதுப்பணிக்கு உயரம் 157 செ.மீ., வயது 18 முதல் 22. அதெல்லாம் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் வேண்டும் என்ற வரியில்தான் சிக்கல். சின்ன வயதிலேயே அப்பாவோடு வல்லம் ஏறியவனுக்கு நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கிறது என்று இருட்டிலும் தெரியும். அதற்கு மார்க் கிடையாது.

மார்க் கேட்காத படையும் ஒன்று இருந்தது. 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையின் முகாம் தொடங்கியது.  சேர்ந்தவர்களில் பலர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். தஞ்சை, திருச்சிப் பக்கமிருந்து கப்பலேறிய குடும்பங்களின் பிள்ளைகள் போன்றோர். பால்மரம் சீவிய கைகள். பள்ளிச் சான்றிதழ் கேட்டிருந்தால் பாதிப் படை தோட்டத்திலேயே நின்றிருக்கும். கோலாலம்பூர் ஜானகி தேவருக்கு அப்போது 18 வயது. வசதியான வீடு, அப்பாவுக்குச் சம்மதமில்லை. போனார், படையின் துணைத் தளபதியும் ஆனார். 1945-ல் ரங்கூனிலிருந்து பின்வாங்கியபோது விமானங்களுக்குத் தப்ப இரவில் நடந்தார்கள். நேதாஜியும் கூடவே நடந்தார். 2000-ல் ஜானகிக்குப் பத்மஸ்ரீ கொடுத்தோம்.

இன்றைய கப்பலில் ரேடார், ஏவுகணை எல்லாம் இருக்கிறதே, படிக்காதவனை வைத்து என்ன செய்வது என்பார்கள். சரிதான். ஆனால் 2008-ல் மும்பையைத் தாக்கியவர்கள் கடத்திய மீன்பிடிப் படகில் வந்தார்கள். அதன் பிறகு மீனவரைக் கரையின் கண்ணும் காதும் என்று கொண்டாடியபோது யாரும் மார்க் கேட்கவில்லை. சந்தேகப் படகைப் பார்த்தால் 1093-க்குச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு வலை இழுக்கப் போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

என் கவலை வேறு. மீனவ இளைஞர்களைப் படைகளில் சேர்க்கத் தமிழக அரசே 90 நாள் பயிற்சி நடத்துகிறது. தங்க இடம், சாப்பாடு, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. நல்ல திட்டம். அறிவிப்பைப் படித்தால் அங்கேயும் பிளஸ் டூ, கணிதம், இயற்பியல்! வாசலிலேயே வடிகட்டிவிட்டால் அப்புறம் பயிற்சி யாருக்கு? பத்தாவதோடு நின்ற பையனுக்கு ஓட்டமும் நீச்சலும் யாரும் சொல்லித்தர வேண்டாம். அவனுக்கு முதலில் தேவை ஒரு கணக்கு வாத்தியார். பக்கத்து மணமேல்குடியிலேயே தொடங்கலாம்.