காகிதமும் உலர்மலரும் கொண்டு தழையுடை சமைத்தல்

பண்டைத் தமிழ் மகளிர் நூலாடையோடு அமையாது, தழையும் மலரும் விரவித் தொடுத்த தழையுடையையும் இடையில் அணிந்தனர் என்பது சங்கநூல் பயில்வார் யாவரும் அறிந்ததே. தலைவன் தொடுத்துக் கொணர்ந்த தழையைத் தோழி ஏற்பாளாயின், அவன் காதலும் ஏற்கப்பட்டதாகும். அத்தகைய உடையொன்றை நாடக மேடைக்கெனக் காகிதத்தாலும் உலர்ந்த மலராலும் சமைக்கும் முறையை, எம் அநுபவங்கொண்டு ஈண்டு விளக்கப் புகுந்தோம்.

கல்லூரி விழாவில், புறநானூற்றின் 248 ஆம் பாட்டைத் தழுவிச் சிறு நாடகமொன்று நடிக்கத் துணிந்தோம். இளமையில் தனக்குத் தழையாயிருந்த வெள்ளாம்பல், கணவனை இழந்தபின் தன் உணவாயிற்றே என ஒரு பெண் இரங்குவது அப்பாட்டின் பொருள். முதற்காட்சியில் அவள் அணிந்த உடை, இரண்டாங் காட்சியில் அவள் முன் கிடத்தல் வேண்டும்.

பச்சைத் தழையும் புதுமலரும் இருக்கக் காகிதம் எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். ஒத்திகை பல நாள் நிகழும். காலையிற் பறித்த தழையோ மாலையில் துவண்டுவிடும். ஆதலின் வாடாத உடையே வேண்டுவதாயிற்று.

முதன்முறை யாம் அவசரப்பட்டோம். பனி உலராத விடியற்காலையில் மலர் பறித்து, ஒருநாள் மட்டும் புத்தகத்தின்கீழ் அமுக்கி, மாவுப்பசையால் காகிதத்தில் ஒட்டி, தகரப் பெட்டியில் இட்டு மூடினோம். ஐந்தாம் நாள் திறந்தபோது பூஞ்சை வெண்மையாகப் படர்ந்திருந்தது. ஆம்பல் கருகி நாறிற்று. விழாவிற்கு இருபத்திரண்டு நாளே எஞ்சியிருந்தன. தலைவியாக நடிக்க இருந்தவர் அப்பெட்டியைக் கண்டு ஒன்றும் பேசாது சென்றது இன்றும் எம் நினைவில் உள்ளது.

பிழை யாதெனப் பின்னரே உணர்ந்தோம். மலரின் எடையிற் பெரும்பகுதி நீர். அந்நீர் வெளியேறுமுன் மூடிவைத்தால் பூஞ்சை வளரும். பசையின் ஈரமும் மாவும் அதற்கு உணவாகும். ஆகவே இவ்வுடை சமைப்பதென்பது, நீரை நீக்குவதும் மீண்டும் அணுகாமற் காப்பதுமேயாம்.

இனி மலர்த்தேர்வு. எல்லா மலரும் உலர்த்தற்கு உரியன அல்ல. மல்லிகை பழுப்பாகும், செம்முளரி கருகும், ஆம்பலின் சதைப்பற்றுள்ள இதழ் உருக்குலையும். வாடாமல்லியோ பெயருக்கேற்ப நிறம் மாறாது நிற்கும். அதன்கண் நாம் இதழெனக் கருதுவன உண்மையில் இதழல்ல. சிறுபூக்களைச் சூழ்ந்த செதில்களே. அவை செடியில் இருக்கும்போதே காகிதம்போல் உலர்ந்திருப்பன. காகிதப்பூவின் நிறமுள்ள பகுதியும் அத்தகையதே. நடுவிலுள்ள சிறு வெண்குழலே அதன் மலர். கோழிக்கொண்டையும் நன்கு உலரும். வாடாமல்லியும் காகிதப்பூவும் அமெரிக்கக் கண்டத்தினின்று பிற்காலத்தில் வந்தவையாதலின் சங்க மகளிர் அவற்றை அறியார். மேடையின் நிறப்பொலிவு கருதிச் செய்த இக்குற்றத்தைத் தமிழ் பயிலும் யாமே ஒப்புக்கொள்கின்றோம்.

உலர்த்தும் முறை வருமாறு. பனி நீங்கிய முற்பகலில் மலரைக் காம்போடு பறித்து, பத்துப் பன்னிரண்டாகத் தளரக் கட்டி, காற்றோட்டமும் நிழலும் உள்ள அறையில் தலைகீழாகத் தொங்கவிடுக. தலைகீழாக இருப்பின் காம்பு வளையாது உலரும். வெயிலில் இடின் விரைவில் உலரும். ஆயின் நிறம் வெளுக்கும். இரண்டு கிழமையிற் பெரும்பாலும் போதிய அளவு உலர்ந்துவிடும். காம்பை வளைத்தால் அது துவளாது முறிதல் வேண்டும், அதுவே சோதனை. காகிதப்பூவைப் பழைய செய்தித்தாளின் இடையே பரப்பிக் கனத்தின்கீழ் அமுக்கி, முதற் சில நாள் தாளை நாள்தோறும் மாற்றுக.

மலரால் ஆகாததைக் காகிதம் செய்யும். ஆம்பலை மெல்லிய வெண்காகிதத்தால் அமைத்தோம். கூரிய வெள்ளிதழ்களை அடுக்கி, புறத்தே பச்சை நிறத்தில் நான்கு புல்லிதழ் வைத்துக் கட்டினோம். தழைக்கு நொச்சியிலையை மாதிரியாகக் கொண்டோம். ஐந்து விரல்போற் பிரிந்த அவ்விலை மேலே கரும்பச்சை, கீழே வெளிறியது. ஆதலின் ஒருபுறம் மட்டும் சாயம் ஏற்றிய காகிதமே பொருந்திற்று.

காகிதத்திற்கும் மரத்தைப்போல நார்ப்போக்கு உண்டென்பதை இங்கே மறத்தலாகாது. இயந்திரத்தில் ஆகும் காகிதத்தின் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையிற் கிடப்பன. சிறு துண்டொன்றின் ஒருபுறத்தை ஈரப்படுத்துக; அது குழல்போற் சுருளும். அக்குழலின் நீளத்திசையே நார்ப்போக்கு. தொங்கும் இலையின் நீளம் அத்திசையிலே அமைய வெட்டினால் எளிதில் அறாது. குறுக்கே வெட்டியதோ விரைவிற் கிழியும். ஜப்பானியர் நீண்ட மரப்பட்டை நாராலாகிய காகிதத்தைக் கசக்கி, கிழங்கு மாவினால் உரமேற்றி, 'காமிக்கோ' என்னும் ஆடையே தைத்து உடுத்தனர். நம் கடைக்காகிதம் அத்தகைய உரம் உடையதன்று. ஆகவே துணியின் துணை வேண்டும்.

நான்கு விரல் அகலமுள்ள காடாத்துணிப் பட்டியை இடையளவுக்கு வெட்டி, இரு முனையிலும் நாடா தைக்க. அதன்கீழ் இலைகளை மூன்று வரிசையாக, கீழ்வரிசை முதலில், மேல்வரிசை இறுதியில், ஓட்டின்மேல் ஓடு படிவதுபோல் தைத்துக்கொள்க. மலர்களைப் பசையால் ஒட்டாது, காம்பில் நூல் சுற்றித் துணியோடு பிணைக்க. நடப்பவர் முழங்கால் படும் இடத்தில் மலர் வையாது இலையே தொங்கவிடுக. உலர்மலர் உராய்ந்தால் உதிரும். உள்ளே பாவாடை ஒன்று அணிதல் இன்றியமையாதது. மேடையில் இவ்வுடைக்கு அருகே அகல்விளக்கும் மெழுகுதிரியும் வைத்தலாகாது. உலர்ந்த பூவும் காகிதமும் நொடியில் தீப்பற்றும்.

முடித்த உடையை மடியாது கொடியில் தொங்கவிட்டு, மெல்லிய துணியால் மூடி, உலர்ந்த நொச்சியிலையும் வசம்பும் பூச்சிக்காக அருகிலே கட்டிவைத்தோம்.

விழாவிற்கு முதல்நாள் உடை முற்றுப்பெற்றது. இரண்டாங் காட்சியில் அவ்வாம்பற்றழையைத் தலைவி மடியில் எடுத்துவைத்தபோது, காகிதம் மெல்லென ஒலித்தது அவையின் பின்வரிசை வரை கேட்டது. வேறு ஒலி எழவில்லை. 271 ஆம் புறப்பாட்டிலும், மகளிர்க்கு அணியாயிருந்த நொச்சித்தழை பின்னர்ப் போரிற் குருதி தோய்ந்து கிடக்கக் காண்கின்றோம். இவ்விரண்டு பாட்டும் தழையைப் பாடுவது, அதை அணிந்த நாள் கழிந்த பின்னரே என்பதை உடை சமைத்த கையால் உணர்ந்தோம். நூலிற் படித்தபோது அவ்வளவு உணர்ந்திலோம்.

எம் உடையும் நெடுநாள் நில்லாது; வாடாமல்லியும் ஒருநாள் உதிரும். எனினும், பின்வரும் வகுப்பினர் இதனினும் சிறந்த ஒன்றைச் சமைப்பார்களாக, எம்மைப்போல் அவசரப்படாதிருப்பார்களாக.