போட்டோவில் ஒரு கலர்... பார்சலில் வேற கலரா? கேமராவுக்கு முன்னாடி லைட்டைப் பாருங்க!

ஆன்லைனில் சேலை விற்பவர்களுக்குப் பெரிய தலைவலி, "போட்டோவுல பார்த்த கலர் இது இல்லையே" என்று திரும்பி வரும் பார்சல்தான். உடனே அரை லட்சத்துக்குக் கேமரா தேடத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால், சிக்கல் பெரும்பாலும் கேமராவில் இல்லை.

அமேசானில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க, அதன் நீளமான பக்கம் 1,000 பிக்சல் இருந்தாலே போதும். 12 மெகாபிக்சல் செல்போன் படத்தில் அது சுமார் 4,000 பிக்சல். கையில் இருக்கும் போனே தாராளம்!

அப்போ கலர் ஏன் மாறுது? லைட்தான் காரணம். எல்.இ.டி. விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் எண், சி.ஆர்.ஐ. அதிகபட்சம் 100. வீட்டு பல்புகள் பலவும் 80-ஐ ஒட்டியே இருக்கும். இதில் ஒரு கொக்கி உண்டு. 8 வெளிர் நிறங்களின் சராசரிதான் இந்த எண். அடர் சிவப்புக்கான 'ஆர்9' அதில் சேராது. அரக்குச் சேலை மங்கலாக விழுவது இதனால்தான். எனவே சி.ஆர்.ஐ. 95, ஆர்9 90-க்கு மேல் உள்ள விளக்காகப் பார்த்து வாங்குங்க.

இரண்டு விளக்கும் ஒரே 5,500 கெல்வினில் இருக்கட்டும். அறையின் டியூப் லைட்டை அணைத்துவிடுங்க. இரண்டு வெளிச்சம் கலந்தால் போன் குழம்பிவிடும். ரீல்ஸுக்கு வாங்கிய ரிங் லைட்டும் பட்டுக்கு ஆகாது, ஜரிகையில் நேராக அடித்து வெள்ளைத் திட்டாக்கிவிடும். சாஃப்ட்பாக்ஸ் மாட்டி, பக்கவாட்டில் வையுங்க.

நகைக்கடைக்காரர்கள் கதை வேறு. மூக்குத்திக் கல்லை நெருங்கிக் காட்ட, மேக்ரோ லென்ஸ் பொருத்தும் கேமரா அவர்களுக்குத் தேவைதான்.