ஒரே ஆறு, ரெண்டு திசை

"ஆறு கடலில் கலக்கிறது." ஸ்கூலில் ஒரே வரியில் படித்து முடித்துவிட்டோம். ஆனால் அந்த "கலக்கிறது"க்குள் ஒரு செமஸ்டர் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸே ஒளிந்திருக்கிறது. பல கழிமுகங்களில் ரெண்டு தண்ணீரும் அவ்வளவு சீக்கிரம் கலந்துவிடாது.

ஹாஸ்டலிலேயே செய்து பாருங்க. கண்ணாடி டம்ளரில் பாதி உப்புத்தண்ணீர். அதன் மேல் கலர் போட்ட நல்ல தண்ணீரை ஸ்பூன் வழியாக மெதுவாக ஊற்றுங்க. ரெண்டு அடுக்காக நிற்கும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1000 கிராம், கடல் நீர் சுமார் 1025 கிராம். வெறும் 25 கிராம் வித்தியாசம்தான், அதுவே போதும். கலக்கணும்னா ஸ்பூனால் சுத்தணும், அதாவது எனர்ஜி வேணும்.

கழிமுகத்தில் அந்த ஸ்பூன் பெரும்பாலும் கடல் ஓதம்தான். ஆறு வலுவாகவும் ஓதம் பலவீனமாகவும் இருந்தால், கடல் நீர் ஆற்றின் அடியில் ஆப்பு மாதிரி உள்ளே நுழையும்; மிசிசிப்பியில் நடப்பது இதுதான். ஓதம் பலமாக இருந்தால் மேலிருந்து கீழ்வரை நன்றாகக் கலந்துவிடும். கோடையில் ஹூக்ளி அப்படி. ரெண்டுக்கும் நடுவில், அமெரிக்காவின் செசபீக் விரிகுடா மாதிரி பாதி கலந்தவையும் உண்டு.

இப்படிப் பாதி கலக்கும் இடத்தில்தான் சுவாரஸ்யமே. மேலே ஓடும் ஆற்று நீர், கீழிருந்து கொஞ்சம் உப்பு நீரை இழுத்துச் சேர்த்துக்கொண்டு கடலுக்குப் போகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட, அடியில் கடல் நீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும். சராசரியாகப் பார்த்தால் மேல் அடுக்கு கடலை நோக்கி, கீழ் அடுக்கு ஊரை நோக்கி! அதனால் அடியில் படியும் வண்டலும் அழுக்கும் "கடலுக்குப் போயிடும்" என்று நம்ப முடியாது. உள்ளேயே திரும்பி வரலாம்.

இப்போது நம்ம அடையாறுக்கு வாங்க. சென்னையில் அமாவாசை, பௌர்ணமி ஓதம்கூட சுமார் 1 மீட்டர்தான். அதாவது ஸ்பூன் சின்னது. மழைக்காலம் தவிர ஆற்றிலும் வேகம் இல்லை. கடலோரமாக வடக்கே நகரும் மணல் முகத்துவாரத்தை அடைக்கப் பார்க்கும். அடைத்துவிட்டால் ஓதம் உள்ளே வர முடியாது.

இதனால் என்ன நஷ்டம்? ஒரு சின்ன கணக்கு. 1 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பில் ஓதம் அரை மீட்டர் ஏறி இறங்கினால், ஒவ்வொரு முறையும் 5 லட்சம் கன மீட்டர், அதாவது 50 கோடி லிட்டர் தண்ணீர் உள்ளே வந்து வெளியே போகும். நம் கடற்கரையில் இது தினம் ரெண்டு முறை. கரண்ட் பில்லே இல்லாத பம்ப்! வாய் அடைபட்டால் பம்ப் ஆஃப். கழிவுநீர் தேங்கும், ஆக்சிஜன் குறையும், மீன் சாகும். பெருமழை வந்தால் வெள்ளம் வெளியேறவும் வழி குறுகும்.

அதனால், முகத்துவாரத்தில் பொக்லைன் மணல் அள்ளுவதைப் பார்த்தால், "திரும்ப மூடத்தானே போகுது, வெட்டி வேலை" என்று சிரிக்காதீங்க. அந்த பம்புக்கு சுவிட்ச் போடுறாங்க. ஆனால் பம்ப் ஓடினால் மட்டும் போதாது, உள்ளே விழும் சாக்கடையையும் நிறுத்தணும். கழுவிக்கொண்டே அழுக்கைக் கொட்டினால் எந்த ஓதமும் ஜெயிக்காது.